புதினா சாக்லேட் டிப் ஏன் சட்னியானது?

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் 20 பேராவது கூடுவது வழக்கம். சென்ற ஆண்டு கேக்குடன் தொட்டுச் சாப்பிடப் புதினா சாக்லேட் டிப் செய்யலாம் என்று, ஒரு கைப்பிடி புதினாவைத் தண்ணீர் தெளித்து அரைத்து, உருக்கிய சாக்லேட்டில் கலந்தேன். அது உடனே இறுகி, மணல் மணலாகத் திரிந்துவிட்டது. மணமோ சட்னியை நினைவூட்டியது. தவறு எங்கே?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இரண்டு குறைகளுக்கும் காரணம் அரைத்த விழுதுதான். சாக்லேட் என்பது கோகோ வெண்ணெயில் பரவி நிற்கும் சர்க்கரைத் துகள்களும் கோகோத் துகள்களும் ஆகும். அதில் சிறிதளவு தண்ணீர் சேர்ந்தாலே சர்க்கரை ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிவிடும். சிறிது தண்ணீர் கெடுக்கும் சாக்லேட்டை நிறையப் பாலோ கிரீமோ கெடுப்பதில்லை என்பது வேடிக்கை. ஆகவே, இனி அப்படி இறுகினால் கொட்டிவிடாமல், சூடான கிரீமை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக ஊற்றிக் கிளறுங்கள், மீண்டும் இளகும்.

மணத்துக்கு வருவோம். கோடையில் மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேரைப் போட்டு வைக்கிறோமே தவிர, வேரை அரைத்துக் குடிப்பதில்லை. புதினாவையும் அப்படியே, ஆனால் தண்ணீருக்குப் பதிலாகக் கிரீமில் ஊறவிட வேண்டும். அதன் மணம் இலையின் எண்ணெயில் இருப்பதால் கொழுப்பில் எளிதாக இறங்கும். இலையை நசுக்காததால் பச்சை வாடை மிகுதியாகச் சேராது.

200 மில்லி ஃப்ரெஷ் கிரீமை அடி கனமான பாத்திரத்தில் ஓரங்களில் சிறு குமிழ் தோன்றும் வரை மட்டும் சூடாக்கி இறக்கி, கழுவி ஈரம் துடைத்த 25 இலைகளைப் போட்டு, 20 நிமிடம் மூடி வைத்துப் பிழியாமல் வடிகட்டுங்கள். அந்தக் கிரீமை மறுபடி சூடாக்கி, பொடியாக நறுக்கிய 150 கிராம் டார்க் சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக மெல்லக் கலக்குங்கள். கோகோ வெண்ணெய் நம் உடல் வெப்பத்திலேயே உருகிவிடும் என்பதால் சாக்லேட்டை அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை.

அரை லிட்டர் புளிக்காத கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள் 4 மணி நேரம் வடியவிட்டு, 3 மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கடைந்து, ஆறிய சாக்லேட் கலவையுடன் சேருங்கள். கிரீம் சீஸும் போடலாம். எனக்கென்னவோ நல்ல எருமைத் தயிரின் வழவழப்பே பிடிக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். நம் சந்தையில் கட்டாக விற்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதன் மணம் கார்வோன் என்னும் பொருளால் வருவது. மேல்நாட்டுக் கிறிஸ்துமஸ் இனிப்புகளின் சில்லென்ற குளிர்ச்சி, பெப்பர்மின்ட்டில் உள்ள மென்தாலால் வருவது. அந்தக் குளிர்ச்சி வேண்டுமானால் பெப்பர்மின்ட் எசன்ஸ் இரண்டு துளி போதும். கை தவறினால் பற்பசை வாசனை வந்துவிடும்.

தொட்டுக்கொள்ள அச்சு முறுக்கைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. வாழைப்பழமும் ஏற்றது, கறுத்துவிடும் என்பதால் பரிமாறும்போது நறுக்குங்கள்.

கேள்வி: ஃப்ரெஷ் கிரீமுக்குப் பதிலாக வீட்டில் சேர்த்த பாலாடையைப் பயன்படுத்தலாமா? முதல் நாளே செய்து வைக்கலாமா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: ஓரிரு நாளில் சேர்ந்த, புளிப்பேறாத ஆடையாக இருந்தால், அதில் சிறிது காய்ச்சிய பால் விட்டு, கட்டியில்லாமல் கரைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். ஒரு வாரம் சேர்த்தது வெண்ணெய் எடுக்கத்தான் ஆகும். டிப்பை முதல் நாளே செய்வது நல்லது. மணம் நன்கு ஊறும். குளிரில் கெட்டியாகிவிடுமாதலால், பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். பாலும் தயிரும் சேர்ந்த பண்டம் என்பதால், மொத்தத்தையும் ஒரே கிண்ணத்தில் வைக்காமல், பாதியை உள்ளேயே வைத்திருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள்.