பிளாஸ்மாவுக்குள் ரேடியோ அலை: கேள்வி பதில்

அணுக்கரு இணைவு உலைகளில் பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயுவை, ரேடியோ அலைகளால் சூடாக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

இயற்பியல் ஆசிரியை ஒருவர்: வணக்கம் ஐயா. பிளாஸ்மா நல்ல மின்கடத்தி. அப்படியானால் உலோகத் தகட்டைப் போல அலையைத் திருப்பி அனுப்பிவிடாதா?

வணக்கம் அம்மா. அதிர்வெண் குறைவாக இருந்தால் திருப்பித்தான் அனுப்பும். சிற்றலை வானொலி அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதும் இதனால்தான். எல்லை எங்கே என்பதை எலக்ட்ரான் அடர்த்தி முடிவு செய்கிறது. அடர்த்தி நான்கு மடங்கானால் எல்லை அதிர்வெண் இரு மடங்காகும். ஒரு கன மீட்டரில் 10²⁰ எலக்ட்ரான்கள் இருந்தால் அது ஏறத்தாழ 90 கிகாஹெர்ட்ஸ். ஆனால் இது காந்தப்புலம் இல்லாத கணக்கு. புலம் வந்ததும் எலக்ட்ரான்கள் புலக்கோட்டைச் சுற்றிச் சுழலத் தொடங்குகின்றன, குறுக்கே தாராளமாக ஓட முடிவதில்லை. அதனால் வெறும் 50 மெகாஹெர்ட்ஸ் அலைகூட உள்ளே போக வழி கிடைக்கிறது. இந்தத் துறையின் அழகே இதில்தான் இருக்கிறது என்பேன்.

முதுகலை மாணவர்: தெற்கு பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் உலைக்கு 170 கிகாஹெர்ட்ஸ் என்று ஏன் முடிவு செய்தார்கள்?

எலக்ட்ரானின் சுழற்சி அதிர்வெண், காந்தப்புலத்தின் ஒவ்வொரு டெஸ்லாவுக்கும் 28 கிகாஹெர்ட்ஸ். ஈட்டரின் மைய அச்சிலிருந்து 6.2 மீட்டர் தொலைவில் புலம் 5.3 டெஸ்லா; பெருக்கினால் 148 வரும். 170-க்கு ஏறத்தாழ 6.07 டெஸ்லா வேண்டும். ஈட்டர் போன்ற வளைய வடிவ உலையான டோகாமாக்கில் புலம் உட்புறம் செல்லச் செல்லக் கூடுகிறது, ஆகவே அந்த மதிப்பு கிட்டத்தட்ட 5.4 மீட்டரில் கிடைக்கும். நேர்க்குறுக்காக அனுப்பினால் ஒத்ததிர்வு (அலையும் எலக்ட்ரான் சுழற்சியும் ஒரே அதிர்வெண்ணில் இணைந்து அலை உறிஞ்சப்படுவது) அங்கே நிகழும். கற்றையை வளையத்தின் நீளவாக்கில் சாய்த்தால் எலக்ட்ரான்களின் ஓட்டத்தால் அலையின் அதிர்வெண் அவற்றுக்கு மாறித் தெரியும் டாப்ளர் விளைவால் அதற்கு முன்பே, வெளிப்புறத்திலேயே, உறிஞ்சப்படும். ஆக, கற்றையைச் செலுத்தும் கண்ணாடியைச் சற்றுத் திருப்பினாலே வெப்பம் விழும் இடம் நகர்கிறது. பிளாஸ்மாவைக் குலைக்கும் காந்தத் தீவுகள் (புலக்கோடுகள் தனியாக மூடிக்கொண்ட பகுதிகள்) தோன்றினால், அவை இருக்கும் இடத்துக்கே கற்றையைத் திருப்பி மின்னோட்டம் ஊட்டி அவற்றைச் சுருக்கலாம். இவ்வளவு நுட்பமாகக் குறிவைக்கும் வேறு சூடாக்கும் முறை எனக்குத் தெரிந்து இல்லை.

அதே மாணவர்: அடர்த்தியை ஏற்றிக்கொண்டே போனால் இந்த அலையும் தடைபடுமா?

தடைபடும். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உள்ள வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் என்ற இணைவு ஆய்வுக்கருவி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. புலம் 2.5 டெஸ்லா, அலை 140 கிகாஹெர்ட்ஸ், அதாவது சுழற்சி அதிர்வெண்ணின் இரு மடங்கு. மின்புலம் காந்தப்புலத்துக்குக் குறுக்காக அமைந்த அலை கன மீட்டருக்கு 1.2×10²⁰ எலக்ட்ரான்கள் என்ற அடர்த்தியில் நின்றுவிடும். மின்புலத்தை இணையாகத் திருப்பினால் எல்லை 2.4×10²⁰ வரை உயரும். ஆனால் உறிஞ்சல் குறைந்துவிடுகிறது. ஒரே கடப்பில் முழுத் திறனும் சேராது. எதிர்ச்சுவரில் எதிரொளிப்பான்களை அமைத்து, மிஞ்சியதை மறுபடி பிளாஸ்மா வழியே செலுத்துகிறார்கள்.

மின் பொறியாளர்: மெகாஹெர்ட்ஸ் அலைகளில் என்ன சிக்கல்? ஆன்டெனா வைத்தால் போதாதா?

ஆன்டெனாவை வைப்பதுதான் சிக்கலே. 50 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் வெற்றிடத்தில் 6 மீட்டர். பிளாஸ்மாவின் விளிம்பில் அடர்த்தி போதாத பகுதியில் அலை பரவாது, தேய்ந்துதான் போகும். அந்த இடைவெளி சில சென்டிமீட்டர் கூடினாலும் உள்ளே சேரும் திறன் சரிந்துவிடும். நெருக்கி வைத்தாலோ ஆன்டெனா சூடேறும். அருகிலுள்ள உலோகத்தை அயனிகள் அரித்துப் பிளாஸ்மாவை மாசுபடுத்தும். ஆன்டெனாவின் அருகே வாயுவைச் செலுத்தி அங்கே மட்டும் அடர்த்தியை உயர்த்துவது ஒரு வழி. இங்கிலாந்தின் ஜெட் உலையில் இதைச் செய்து பார்த்தார்கள்.

உறிஞ்சலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தூய டியூட்டீரியத்தில் (கன ஹைட்ரஜனில்) அதன் சொந்தச் சுழற்சி அதிர்வெண்ணில் அலையை அனுப்பினால் அயனிகள் அதை அதிகம் வாங்குவதில்லை. அயனி சுழலும் திசைக்கு ஏற்ற மின்புலக் கூறு அங்கே ஏறக்குறைய அற்றுப்போகிறது. சில விழுக்காடு ஹைட்ரஜனோ ஹீலியம்-3-ஓ கலந்து அந்தச் சிறுபான்மை அயனிகளின் அதிர்வெண்ணில் அனுப்பினால், அவை திறனை வாங்கிக்கொண்டு மோதல்களின் வழியே மற்றவற்றுக்கும் பகிர்கின்றன. ஈட்டரில் இந்த முறைக்கான ரேடியோ திறன் மூலங்களை வழங்கும் பொறுப்பு இந்தியாவுடையது.

கல்லூரி மாணவி: காற்றுப் புகாத கலனுக்குள் கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை எந்த வழியாக நுழைகிறது?

செயற்கை வைரத் தகட்டின் வழியாக! ஈட்டரில் அதன் தடிமன் ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர். வைரத்துக்குள் 170 கிகாஹெர்ட்ஸ் அலையின் அரை அலைநீளம் 0.37 மில்லிமீட்டர், தகடு சரியாக அதன் மூன்று மடங்கு. அதனால் இரு முகங்களிலும் எழும் எதிரொளிப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு மெகாவாட் கடக்கும்போது தகட்டில் தங்கும் சிறிதளவு வெப்பத்தை, வைரம் விரைவாகக் கடத்தி விளிம்பில் ஓடும் குளிர்நீருக்குக் கொடுத்துவிடுகிறது.