கறுப்புக் கோட்டு – கடிதம்

அன்புள்ள சார்,

நீங்கள் சொன்னதால் ஹிட்ச்காக்கின் 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' பார்த்தேன். 1935-ல் வந்த படம், இழுவையாக இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. முடிந்த பிறகுதான் கேள்விகள் வந்தன. அத்தனை பேரும் துரத்தும் ரகசியம் ஒரு விமான எஞ்சினைப் பற்றியது என்று கடைசி நிமிடத்தில்தான் சொல்கிறார்கள். அதுவும் ஏதோ ஃபார்முலா. தலைப்பில் படிகள் இருக்கின்றன, படத்தில் ஒரு படியும் இல்லை. அது உளவாளிக் கூட்டத்தின் பெயராம். எதைக் கேட்டாலும் நினைவிலிருந்து பதில் சொல்லும் மேடைக் கலைஞர் மிஸ்டர் மெமரி, அரங்கில் ஒருவர் கேட்டார் என்பதற்காகத் தன் கூட்டத்தையே காட்டிக் கொடுப்பாரா? இதை எப்படி மிகச் சிறந்த உளவுப் படங்களில் ஒன்று என்கிறார்கள்?

கா.

அன்புள்ள கா.,

படிகள் ஜான் பக்கனின் நாவலில் இருக்கின்றன. 1915-ல் வந்த நாவல். அதில் அவை கடலுக்கு இறங்கும் நிஜப் படிகள். ஹிட்ச்காக்கும் திரைக்கதை எழுதிய சார்லஸ் பென்னட்டும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு படிகளை எடுத்துவிட்டார்கள். ரகசியமும் அப்படித்தான். பாத்திரங்கள் உயிரைக் கொடுத்துத் தேடும், ஆனால் பார்க்கிறவருக்கு விவரம் தேவைப்படாத பொருளை ஹிட்ச்காக் 'மக்கஃபின்' என்று சொல்வார். எஞ்சின் ஃபார்முலா உங்களுக்குப் புரியாததில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மிஸ்டர் மெமரி விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அந்த மனிதருக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் தொழில், மானம் எல்லாம். லண்டன் பலேடியம் அரங்கில் கதாநாயகன் ஹானே எழுந்து நின்று "முப்பத்தொன்பது படிகள் என்றால் என்ன?" என்று கத்தும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். சொன்னால் உயிர் போகும் என்று தெரிகிறது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. குண்டடி பட்டு மேடைக்குப் பின்னால் கிடந்து, கூட்டத்துக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஃபார்முலா முழுவதையும் ஒப்பித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா சார் என்று கேட்கிறார். பின்னால் நடனப் பெண்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும் இடம் அது.

சரி, ரகசியம் முக்கியமில்லை என்றால் படம் எதைப் பற்றியது? ஒருவன் சொல்வதை இன்னொருவர் நம்புவது பற்றியது என்பேன். ஹானே செய்யாத கொலைக்காகத் துரத்தப்படுகிறான். வீட்டிலிருந்து தப்பிக்கும்போது பால்காரரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்கிறான்: கொலை, உளவாளிகள், வெளியே காத்திருக்கும் இரண்டு பேர். அவர் நம்பவில்லை. உடனே மாற்றிச் சொல்கிறான், மேலே ஒரு கல்யாணமான பெண்ணைப் பார்க்க வந்தேன், வெளியே நிற்பது அவள் புருஷனும் அண்ணனும் என்று. அதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று தன் கோட்டையும் தொப்பியையும் கழற்றிக் கொடுக்கிறார் பால்காரர். படம் முழுக்க இதே கதைதான். ரயிலில் எதிர்ப்படும் பமேலா என்ற பெண் நம்பவில்லை. ஸ்காட்லாந்தில் ஷெரீஃப் நம்புவதுபோல் நடித்துப் பிடித்துக் கொடுக்கிறார். கைவிலங்கால் ஹானேயோடு பிணைக்கப்பட்ட பிறகும் பமேலா நம்பவில்லை. போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்த உளவாளிகள் பேசுவதைத் தன் காதால் கேட்ட பிறகுதான் நம்புகிறாள்.

ஆதாரம் கேட்காமல் நம்புகிறவள் படத்தில் ஒருத்திதான். அந்த ஸ்காட்லாந்து விவசாயியின் இளம் மனைவி. பெக்கி ஆஷ்கிராஃப்ட் நடித்தது. (ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து 'எ பேசேஜ் டு இந்தியா'வில் மிஸஸ் மூராக நடித்து ஆஸ்கர் வாங்கியவர்.) நாவலில் இவளும் இல்லை, பமேலாவும் இல்லை. இரவு தங்க இடம் கேட்டு வந்த ஹானே, அவளை அந்தக் கிழவரின் மகள் என்று முதலில் நினைத்துவிடுகிறான். கிளாஸ்கோவில் வளர்ந்தவள் இந்த மலைக்காட்டில் வந்து கிடக்கிறாள். லண்டன் பெண்கள் கால் நகத்துக்குச் சாயம் பூசுவார்களாமே, நிஜமா என்று ஹானேயிடம் கேட்கிறாள்.

அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேசை. கணவர் கண்ணை மூடி ஜெபம் சொல்கிறார். மேசைமேல் கிடக்கும் செய்தித்தாளில் ஹானேயின் பார்வை ஓடுகிறது. அவள் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு தாளைப் பார்க்கிறாள், பிறகு அவனைப் பார்க்கிறாள். கொலைகாரன் என்று தேடப்படுகிறவன் இவன்தான் என்று புரிந்துவிடுகிறது. அவன் கண்ணாலேயே கெஞ்சுகிறான். ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்கும் கணவருக்கு இந்தப் பார்வைகள் வேறு மாதிரி தெரிகின்றன. வெளியே போவதுபோல் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். ஜெபத்தைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. மூன்று பேர் மனதில் ஓடுவதும் நமக்குத் தெரிகிறது. ஹிட்ச்காக் பேசாப்படக் காலத்தில் தொழில் கற்றவர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இந்தப் படத்தில் இல்லை.

விடியும் முன்னே போலீஸ் கார் வருகிறது. அவள் ஹானேயை எழுப்புகிறாள். உங்கள் கோட்டு வெளிர் நிறம், தூரத்திலேயே தெரிந்துவிடும் என்று சொல்லி, கணவர் ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டை எடுத்துக் கொடுக்கிறாள். அவர் திட்டுவாரே என்கிறான். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சமாளிக்கிறாள்.

பிறகு உளவாளிக் கூட்டத்தின் தலைவரான, விரல் நுனி இல்லாத பேராசிரியர் ஹானேயை மார்பில் சுடுகிறார். ஹானே சாய்கிறான். காட்சி மாறுகிறது. கிழவர் கோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதன் பையில் அவருடைய தேவாலயப் பாட்டுப் புத்தகம் இருந்ததாம். கோட்டை அந்த விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறாள் அவள். கிழவர் அவளை நோக்கிப் போகிறார். அடி விழும் சத்தமும் அலறலும் மட்டும் கேட்கின்றன. உடனே ஷெரீஃபின் சிரிப்பு. குண்டைத் தாங்கிய அந்தப் புத்தகத்தைப் பார்த்து அவரும் ஹானேயும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹானே பிழைத்தது எப்படி என்ற வேகத்தில் நாம் அந்த அலறலைத் தாண்டிப் போய்விடுகிறோம். நானும் முதல் இரண்டு தடவை தாண்டித்தான் போனேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு படத்தில் வருவதே இல்லை.