யன்னல் கழுவும் முறையை மாற்றும்போது வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏணி, வாளி, ரப்பர் துடைப்பான் ஆகியவற்றை விட்டு, வான் வண்டியில் உள்ள தாங்கியிலிருந்து தூய நீரை நீண்ட தடியின் நுனியிலுள்ள தூரிகைக்கு அனுப்பிக் கழுவும் முறை பிரித்தானியாவில் இன்று பரவலாகிவிட்டது. 'வோட்டர் ஃபெட் போல்' எனப்படும் இம்முறைக்கு மாறுகின்றவர்கள் அனுப்பிய கேள்விகளில் கருவியைப் பற்றியவை குறைவு. வாடிக்கையாளரைப் பற்றியவையே மிகுதி.

கேள்வி (ஹரோ): அடுத்த மாதம் முதல் தடி முறைக்கு மாறுகிறேன். வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமா, அல்லது வேலையைச் செய்துவிட்டு, கேட்பவர்களுக்கு மட்டும் விளக்கலாமா?

பதில்: முன்கூட்டியே அறிவியுங்கள். உங்கள் வாடிக்கையாளரில் பலர் நீங்கள் போகும் நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார்கள். மாலையில் வந்து பார்க்கும்போது கண்ணாடியில் நீர்த்துளிகள் நிற்கும். ஏணி வைத்த தடமும் இராது. 'ஹோஸ் பைப்பால் நனைத்துவிட்டுப் போயிருக்கிறான்' என்ற முடிவுக்கு அவர் வந்த பிறகு நீங்கள் சொல்லும் எந்த விளக்கமும் சாட்டாகவே ஒலிக்கும். அதே செய்தியை மூன்று நாட்களுக்கு முன்னர் சொல்லியிருந்தால், அவர் கண்ட ஈரம் நீங்கள் சொன்னபடியே நடந்த ஒன்றாகிவிடும்.

அரைப் பக்கத் துண்டு ஒன்றைக் கடிதப் பெட்டியில் போட்டு, முதல்நாள் மாலையில் குறுஞ்செய்தியும் அனுப்பினால் போதும். கருவியின் விலையையும் தாங்கியின் கொள்ளளவையும் எழுதாதீர்கள். அவை உங்கள் பெருமை, அவருடைய கவலையல்ல. ஆங்கிலத்தில் எழுதும்போது பின்வரும் கருத்து வந்தால் போதுமானது:

'அடுத்த முறை முதல் உங்கள் யன்னல்களைத் தரையில் நின்றபடி, கனிமங்கள் நீக்கிய தூய நீரால் கழுவுவோம். கண்ணாடியோடு சட்டங்களும் கீழ்விளிம்பும் கழுவப்படும். நாங்கள் போகும்போது கண்ணாடி ஈரமாக இருக்கும். தயவுசெய்து துடைக்க வேண்டாம், தானாகவே உலர்ந்து தெளியும். முதல் ஓரிரு தடவைகளில் சட்டங்களில் தங்கிய பழைய அழுக்குக் கசிந்து கோடுகள் தெரியக்கூடும். தெரிந்தால் அறிவியுங்கள், கட்டணமின்றித் திரும்பக் கழுவித் தருவோம். அன்று யன்னல்களை மூடிவைத்து, பக்கப் படலையைத் திறந்து விடுங்கள்.'

இதில் ஒரேயொரு வசனத்தைத் தடித்த எழுத்தில் போடலாம் என்றால், கண்ணாடி ஈரமாக இருக்கும் என்பதைப் போடுங்கள். ஈரத்தைக் கண்டவுடன் சமையலறைத் தாளை எடுத்துத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாள் விட்ட தடத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி (குரொய்டன்): 'சவர்க்காரமும் இல்லை, துடைப்பதும் இல்லை, என் காரைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டால் வெள்ளைப் புள்ளி விழுகிறதே, கண்ணாடியில் விழாதா?' என்று ஒருவர் கேட்டார். எளிதாக எப்படி விளக்குவது?

பதில்: அவர் கேட்டது சரியான கேள்வி, அதை மதித்தே பதில் சொல்லுங்கள். தென்கிழக்கு இங்கிலாந்தின் குழாய்நீரில் பெரும்பகுதி சுண்ணக்கல் நிலத்தினூடாக ஊறி வருவது. வரும் வழியில் கல்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. துளி காயும்போது நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. அவருடைய கேத்திலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படலமும் காரில் விழும் புள்ளியும் ஒன்றே. நீங்கள் கொண்டுபோகும் நீரில் அந்த உப்புகள் இல்லை. அழுத்தத்தால் நீரை வடிக்கும் ஆர்.ஓ. சவ்வு அவற்றில் பெரும்பகுதியை நீக்க, எஞ்சியதை ரெசின் எனப்படும் சிறுமணி வடிகட்டி பிடித்துக்கொள்கிறது. விட்டுச்செல்ல எதுவும் இல்லாத நீர் காய்ந்தால் கண்ணாடிதான் மிஞ்சும்.

சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கையடக்கமான டி.டி.எஸ். மீட்டரை அவர் வீட்டுக் குழாய்நீரில் நனைத்துக் காட்டுங்கள். உங்கள் பகுதியில் 300க்கு அண்மையான எண் வருவது புதிதல்ல. பிறகு உங்கள் தாங்கி நீரில் நனையுங்கள்; 000 என்று காட்டும். அதற்கும் அசையாதவரிடம், கருநிற ஓடு ஒன்றிலோ பழைய கண்ணாடியிலோ இரண்டு நீரிலும் ஒவ்வொரு துளி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு துளி இருந்த இடத்தில் விளிம்பு தடித்த வெள்ளை வளையம் இருக்கும். மற்றது எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருக்கும். (கிளாஸ்கோவில் தொழில் செய்பவர்கள் கேத்தில் கதையைச் சொல்ல வேண்டாம். அந்நகருக்கு 1859 முதல் நீர் தரும் லோக் கட்ரின் ஏரியின் நீர் மிக மென்மையானது. அங்குள்ளவர் தம் கேத்திலில் அப்படி ஒரு படலத்தைக் கண்டிருக்கவே மாட்டார்.)

சவர்க்காரத்தின் வேலை பிசுக்கை இளக்குவதும் ரப்பர் துடைப்பான் வழுக்கிச் செல்ல உதவுவதும் ஆகும். இப்போது இளக்குவதைத் தூரிகையும், அகற்றுவதை ஓடும் நீரும் செய்கின்றன. ஆயினும் தூய நீரால் எல்லாம் போகும் என்று வாக்களிக்காதீர்கள்: சிந்திய பெயின்ட், சிலிக்கோன், ஆண்டுக்கணக்கில் ஊறிய உப்புக்கறை ஆகியவை போகா. உங்கள் மீட்டரில் 10க்கு மேல் ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றுங்கள். மாற்றாமல் விட்டுப் புள்ளி விழுந்தால் வாடிக்கையாளர் சொன்னதே சரி.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): 'ஏணி பாவிக்கச் சட்டம் தடை விதித்துவிட்டது' என்று கடிதத்தில் எழுதினால் ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார்கள் அல்லவா?

பதில்: மறுத்துப் பேசுவார்கள், காரணம், அது உண்மையல்ல. 2005ஆம் ஆண்டின் உயரத்தில் வேலை செய்வது பற்றிய ஒழுங்குவிதிகள் ஏணியைத் தடை செய்யவில்லை. நியாயமாகத் தவிர்க்கக்கூடிய இடத்தில் உயரத்தில் வேலை செய்வதைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிடின் விழுவதைத் தடுக்க வேண்டும், அதுவும் முடியாவிடின் விழுவதால் ஏற்படும் பாதிப்பைக் குறைக்க வேண்டும் என்ற வரிசையை அவை வகுத்துள்ளன. தனியாகத் தொழில் செய்பவருக்கும் அவை பொருந்தும். ஆபத்துக் குறைந்த, ஒரு தடவைக்கு 30 நிமிடங்களுக்கு மேற்படாத வேலைகளுக்கு ஏணி ஏற்றதாகலாம் என்பதே வேலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான எச்.எஸ்.இ. தரும் வழிகாட்டல். அடுத்த தெருவில் ஏணியோடு நிற்கும் ஒருவரை வாடிக்கையாளர் கண்டால், உங்கள் கடிதத்தின் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்.

'தரையிலிருந்தே செய்யக்கூடிய வேலைக்கு ஏணியில் ஏறுவதைத் தவிர்க்கச் சட்டம் எதிர்பார்க்கிறது' என்று எழுதுங்கள். அது உண்மை, அதுவே போதும். பூம்பாத்தியில் ஏணிக்கால் பதியாது, மாடிப் படுக்கையறை யன்னலில் எதிர்பாராமல் ஒரு முகம் தோன்றாது என்பவையும் வாடிக்கையாளருக்குப் பிடித்த நன்மைகளே. ஆபத்தே இல்லாத முறை என்று மட்டும் எழுத வேண்டாம். கார்பன் ஃபைபர் தடி மின்சாரத்தைக் கடத்தும். மேலே மின்கம்பி செல்லும் பக்கத்தில் தடியை உயர்த்தக்கூடாது. நடைபாதையைக் குறுக்கறுத்துக் கிடக்கும் குழாயில் வழிப்போக்கர் தடுக்கி விழவும் கூடும். எச்சரிக்கைப் பலகை வையுங்கள்.

கேள்வி (ஸ்லவ்): புதிய முறையில் முதற்தடவை கழுவிய மறுநாளே, 'முன்னையதைவிட மோசம், கோடு கோடாக இருக்கிறது' என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். என்ன சொல்வது?

பதில்: பதில் எழுதுமுன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் மேற்சட்டத்தில் தொடங்கிக் கீழிறங்கினால், சட்டத்தின் இடுக்கிலோ காற்றோட்டத் துவாரத்திலோ தங்கியிருந்த அழுக்கும் பழைய சவர்க்காரமும் நீங்கள் போன பிறகு வடிந்திருக்கின்றன. கண்ணாடி முழுவதும் சிறு வட்டப் புள்ளிகள் சிதறியிருந்தால் நீரின் தூய்மையைச் சந்தேகியுங்கள். நீர் பரவாமல் முத்து முத்தாக உருளும் கண்ணாடியில் ஒருமுறை அலசுவது போதாது. தூரிகையைச் சற்று விலக்கிப் பிடித்து, மேலிருந்து கீழாக நீரை ஓடவிட்டு நிறைய அலச வேண்டும்.

பிறகு, அதே கிழமையில் நேரில் போய் மணியை அடியுங்கள். 'பல ஆண்டுகளாகக் கண்ணாடியை மட்டுமே கழுவி வந்தோம், இப்போதுதான் சட்டமும் கழுவப்படுகிறது, அதில் தங்கியது வெளியே வருகிறது' என்று சொல்லி, அவர் பார்த்துக்கொண்டிருக்கத் திரும்பக் கழுவுங்கள். இம்முறை வரிசையை மாற்றுங்கள்: எல்லா யன்னல்களின் மேற்சட்டங்களையும் முதலில் தேய்த்து அலசிவிட்டு, அவை வடிந்து முடிந்ததும் கண்ணாடிக்கு வாருங்கள், காற்றோட்டத் துவாரத்தைத் தூரிகையால் கிளறாதீர்கள். முதற்கடிதத்தில் கோடுகளைப் பற்றிய அந்த வரியை எழுதியிருந்தால் இந்தப் பயணம் ஒரு வாக்கை நிறைவேற்றுவதாக இருக்கும். எழுதாதிருந்தால் மன்னிப்புக் கேட்பதாகவே இருக்கும்.

கேள்வி (வெம்பிளி): கருவிக்குப் பெருஞ்செலவாகிவிட்டது. அதே கடிதத்தில் விலையையும் கூட்டலாமா?

பதில்: கூடாது. வேலை எளிதாகிவிட்டது, ஆனால் காசு கூடுகிறது என்றே அது படிக்கப்படும். சட்டங்களும் கழுவப்படுவதை வாடிக்கையாளர் சில தடவைகள் பார்த்துப் பழகட்டும். விலைபற்றித் தனியாக எழுதலாம்.

கேள்வி (லெஸ்டர்): என் வட்டத்தில் பழைய விக்டோரியா கால வீடுகள் பல உண்டு. அவற்றுக்கும் இதே அறிவித்தலை அனுப்பலாமா?

பதில்: அவற்றுக்குத் தனி அறிவித்தல் வேண்டும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டிப் பசை (putty) வெடித்த மரச்சட்டத்தினூடாக நீர் உள்ளே கசிந்து, யன்னலோரச் சுவர்த்தாளைக் கெடுத்துவிடலாம். உரியும் பெயின்ட் தூரிகையில் ஒட்டிக் கண்ணாடி முழுவதும் இழுபடும். ஈயப் பட்டிகள் கொண்ட கண்ணாடியில் இணைப்புகள் தளர்ந்திருக்கலாம். அனுப்புமுன் ஒருமுறை சுற்றிப் பார்த்து, எந்த யன்னலைக் கையால் கழுவுவீர்கள் என்பதை இடம் குறிப்பிட்டு எழுதுங்கள். முன்பே கசியும் யன்னல் எது என்று வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். புதிதாக மாற்றிய யன்னல்களில் சுயமாகத் துப்புரவாகும் கண்ணாடி இருந்தால், தூய நீர் அதற்கு ஏற்றது.

கேள்வி (ரெடிங்): மழையிலும் உறைபனியிலும் நீர்த் தடைக்காலத்திலும் வேலை நடக்குமா என்று கேட்கிறார்கள்.

பதில்: மழையில் நடக்கும். மழைநீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. புள்ளி விழுவது பெரும்பாலும் கண்ணாடியில் முன்பே இருந்த தூசியால்தான். உறைபனியில் நடக்காது: சிந்தும் நீர் வாசற்படியில் உறைந்து, முதியவர் ஒருவர் வழுக்கி விழ நேரிடும், அன்றைய வேலை தள்ளிப்போகும் என்று பனிக்காலத்துக்கு முன்பே அறிவியுங்கள். வறட்சியில் விதிக்கப்படும் தற்காலிக நீர்த் தடையின்போது நீர் நிறுவனம் தடுக்கக்கூடிய செயல்களின் சட்டப் பட்டியலில், குடியிருப்புகளின் யன்னலை ஹோஸால் கழுவுவதும் உண்டு. தொழில் செய்பவருக்குச் சலுகை உண்டா என்பதை உங்கள் பகுதி நிறுவனத்தின் அறிவித்தலில் பார்த்துவிட்டே வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லுங்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): தமிழ் அம்மா ஒருவர், 'தம்பி, கையால துடைச்சாத்தான் துப்புரவு; தடியால தடவிப்போட்டுக் காசு கேக்கிறீர்' என்கிறார். நல்ல வாடிக்கையாளர், இழக்க விருப்பமில்லை.

பதில்: அவரோடு வாதாட வேண்டாம். 'அம்மா, கீழ் யன்னல்களை முன்னைப்போலக் கையாலேயே துடைச்சுத் தாறன். மேல மட்டும் தடியால. காய்ஞ்ச பிறகு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ' என்று தொடங்குங்கள். கழுவிக் காய்ந்த கீழ்விளிம்பில் வெள்ளைத் துணியொன்றால் அவரையே ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏணியில் நின்று துடைத்த காலத்தில் அந்த விளிம்பு வெறும் ஈரத்துணியையே கண்டிருக்கும். உள்பக்கக் கண்ணாடிக்குத் தடி பயன்படாது, அது எப்போதும் கைவேலைதான் என்பதையும் சொல்லி, அதற்கான விலையைத் தனியாகக் கூறுங்கள். அதன் பிறகும் மாடிக்கு ஏணிதான் வேண்டும் என்று அவர் நின்றால், ஏணியில் வேலை செய்யும் இன்னொருவரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். அவர் ஒருவருக்காக வான் வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டாம்.