கணினிக் கேள்வி – பதில்: புத்தகத்தில் உள்ளபடியே அடித்தும் ஓடவில்லையே!

கேள்வி: மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள பழைய புத்தகக் கடையொன்றில் பைதன் என்ற புரோகிராம் மொழிக்கான ஆரம்பப் பாடநூல் ஒன்றை மலிவாக வாங்கினேன். முதல் உதாரணத்தை அடித்தவுடனேயே பிழை காட்டுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், வித்தியாசமே இல்லை. பிழை புத்தகத்திலா, என் கணினியிலா?
– ஆர். எஸ்., கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டிலும் இல்லை. புத்தகம் பைதன் 2க்கு எழுதப்பட்டது, உங்கள் கணினியில் இருப்பது பைதன் 3. முதல் உதாரணத்தில் பிரின்ட் என்ற சொல்லை அடுத்து அடைப்புக்குறி இல்லாமல் நேரே மேற்கோள்குறி வருகிறதா? வந்தால் சந்தேகமே வேண்டாம். திரையிலும் ‘மிஸ்ஸிங் பரந்தசிஸ்’ என்று வந்திருக்கும், அடைப்புக்குறியைக் காணவில்லை என்று கணினியே சொல்கிறது.

பைதன் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். அதற்குப் பிறகும் சில வருடங்கள் 2க்கான புத்தகங்கள் அச்சாகிக்கொண்டுதான் இருந்தன. பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியுடன் முடிந்தது. ஆகவே பழைய புத்தகம் வாங்குபவர்கள் பதிப்பாண்டை மட்டும் நம்பாமல், கடையில் நின்றபடியே முதல் அத்தியாயத்தைப் புரட்டி அந்த பிரின்ட் வரியைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

நீங்கள் வாங்கியாயிற்று, எறியத் தேவையில்லை. பிரின்டுக்குப் பின் வருவதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். ரோ, கீழ்க்கோடு, இன்புட் என்று சேர்த்து எழுதியிருந்தால் வெறும் இன்புட் போதும். எக்ஸ்ரேஞ்ச் என்றிருந்தால் ரேஞ்ச். சமனில்லை என்பதற்கு <> இருந்தால் != என்று மாற்றுங்கள். இவற்றில் ஒன்றை மறந்தாலும் கணினி நிறுத்திச் சொல்லிவிடும்.

சத்தமில்லாமல் பிழையாகிப்போகிறவைதான் ஆபத்து. பைதன் 2இல் 7/2 என்றால் விடை 3. பைதன் 3இல் 3.5. முழு எண் விடை வேண்டிய இடத்தில் // என்று இரண்டு சாய்கோடு போட வேண்டும். புத்தகத்தில் இரண்டு முழு எண்களை வகுக்கும் வரி எங்கே வந்தாலும் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, நாம் அடிப்பதை வாங்கிக்கொள்ளும் இன்புட். பைதன் 2இல் இன்புட்டுக்கு 50 என்று அடித்தால் அது எண். பைதன் 3இல் அது இரண்டு எழுத்துகள் கொண்ட சரம். பஸ் கட்டணம் 50 ரூபா, மூன்று பேருக்கு எவ்வளவு என்று 3ஆல் பெருக்கிப் பாருங்கள், 150க்குப் பதிலாக 505050 வரும். சரத்தை 3ஆல் பெருக்கினால் அதை மூன்று தடவை ஒட்டிக் கொடுப்பது பைதனின் வழக்கம், ஆகவே பிழைச் செய்தியும் வராது. இன்புட் முழுவதையும் இன்ட் என்ற பங்சனின் அடைப்புக்குறிக்குள் அடக்கினால் சரியாகிவிடும். சதம் வரக்கூடிய தொகையென்றால் இன்டுக்குப் பதில் ஃப்ளோட்.

தானாக மாற்றித்தரும் ‘2டு3’ என்ற கருவி முன்பு பைதனுடனேயே வந்தது. 3.13 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். இருந்த காலத்திலும் அது வகுத்தலைத் தொட்டதில்லை, கையால் திருத்துவதே மேல்.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கும் பாடநூல் ஒன்றின் பிடிஎஃப்பிலிருந்து உதாரணங்களை வெட்டி ஒட்டுகிறேன். ஒன்றுகூட முதல் தடவையில் ஓடுவதில்லை. சில நேரம் ஃபோனிலும் பழகுகிறேன், அங்கேயும் இதே கதை.
– எம். எஃப்., தெமட்டகொடை

பதில்: அச்சுக்காக அழகுபடுத்திய பக்கம் அது. நேரான மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும், கழித்தல் குறி நீண்ட கோடாக மாறியிருக்கும். ‘இன்வாலிட் கெரக்டர்’ என்று தொடங்கி யூ+201சி, யூ+2013 போன்ற எண்ணோடு வரும் செய்தி இதைத்தான் சொல்கிறது. அந்தக் குறியை அழித்துவிட்டு விசைப்பலகையில் மறுபடி அடியுங்கள். யூ+00ஏ0 என்றால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வரியின் தொடக்க இடைவெளிகளை முழுதாக அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

அடுத்தது உள்தள்ளல். பைதனில் எந்த வரி எந்த லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) இருக்கிறது என்பதைக் காட்டுவதே வரியின் தொடக்க இடைவெளிதான், பிடிஎஃப்பிலிருந்து ஒட்டும்போது அது பெரும்பாலும் பறந்துவிடும். ஒவ்வொரு மட்டத்துக்கும் நான்கு இடைவெளி என்பது வழக்கம். ஒரு வரியில் டாப் விசை, அடுத்த வரியில் இடைவெளி என்று கலந்தால் ‘டாப் எரர்’ வரும். திரையில் இரண்டும் ஒரே மாதிரித் தெரிவதால் வெறுமனே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எடிட்டரில் இடைவெளிகளைப் புள்ளியாகக் காட்டும் வசதியைப் போட்டுப் பாருங்கள்.

>>> என்ற குறி புத்தகத்தில் இருந்தால் அதை அடிக்க வேண்டாம். உங்கள் கட்டளைக்காக பைதன் காத்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது, புரோகிராமின் பகுதியல்ல.

ஃபோனில் இன்னொரு தொல்லையும் உண்டு: வரியின் முதல் எழுத்தை விசைப்பலகை தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பைதனுக்குப் பெரிய ‘பி’யில் தொடங்கும் பிரின்ட் வேறு, சின்ன ‘பி’யில் தொடங்கும் பிரின்ட் வேறு. ஆட்டோ கெப்பிட்டலைசேஷன், ஸ்மார்ட் பங்சுவேஷன் என்ற பெயர்களில் இருக்கும் வசதிகளை ஃபோன் செட்டிங்ஸில் நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவும் எழுதியபின் எங்கள் அபிப்பிராயம்: ஒட்டாதீர்கள், அடியுங்கள். ஓர் அத்தியாயத்தின் எல்லா உதாரணங்களையும் அடிக்க நேரமில்லாவிட்டால் பாதியை அடியுங்கள், மீதியை வாசித்து என்ன விடை வரும் என்று கொப்பியில் எழுதிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: பைதனுடன் வரும் டர்ட்டில் என்ற தொகுப்பை வைத்துப் படம் வரையும் அத்தியாயத்தில் நிற்கிறேன். நேற்றுவரை ஓடிய பைதன் இன்று டர்ட்டிலுக்குள் எதுவுமே இல்லை என்கிறது.
– கே. வி., வெள்ளவத்தை

பதில்: உங்கள் கோப்புக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று பாருங்கள். டர்ட்டில் என்றே பெயர் வைத்திருப்பீர்கள். இம்போர்ட் செய்யும்போது, அதாவது அப்படியொரு தொகுப்பைப் புரோகிராமுக்குள் கொண்டுவரும்போது, பைதன் முதலில் தேடுவது உங்கள் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரைத்தான், அங்கே கிடைத்த உங்கள் கோப்பையே டர்ட்டில் என்று எடுத்துக்கொள்கிறது. பெயரை மாற்றினால் தீரும். பைதனுடன் வரும் மற்றத் தொகுப்புகளான ரேண்டம், மேத் போன்றவற்றின் பெயர்களையும் தவிருங்கள்.

கேள்வி: மகள் ஏ.எல்.லில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்திருக்கிறாள், தமிழ் மொழிமூலம். பரவலாக விற்கும் ஆங்கில பைதன் பாடநூல் ஒன்றை வாங்கிக் கொடுக்கலாமா? அறுநூறு பக்கத்துக்குக் கிட்ட இருக்கிறது. ஓ.எல்.லில் பாஸ்கல் மொழி படித்தவள்.
– ஒரு தாய், பம்பலப்பிட்டி

பதில்: வாங்கலாம், ஆனால் முழுவதும் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இத்தகைய புத்தகங்களில் பாதிக்குப் பின் வருபவை பெரும்பாலும் விளையாட்டு செய்வது, வரைபடம் போடுவது, இணையத்தளம் கட்டுவது போன்ற பெரிய வேலைகள், பரீட்சைக்கு அவை தேவையில்லை. மாறிகள், நிபந்தனை, லூப், லிஸ்ட், டிக்‌ஷனரி, பங்சன், கோப்பில் எழுதி வாசித்தல் வரைக்கும் வந்தால் போதும். தேடல், வரிசைப்படுத்தல் இரண்டையும் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுத் தனியாகப் பாருங்கள். ஆரம்பநூல்கள் பல, வரிசைப்படுத்த பைதனிலேயே உள்ள பங்சனைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். பரீட்சையில் கேட்பது அது உள்ளே எப்படி நடக்கிறது என்பதை.

பாஸ்கல் பழக்கம் சில இடங்களில் காலை வாரும். பாஸ்கலில் 1 முதல் 10 வரை என்றால் 10ஐயும் சேர்த்து பத்துத் தடவை ஓடும். பைதனில் ரேஞ்ச்(1, 10) 9உடன் நின்றுவிடும், பத்தும் வேண்டுமென்றால் 11 என்று கொடுக்க வேண்டும். பாஸ்கலில் := பெறுமானம் இடுவதற்கும் = ஒப்பிடுவதற்கும். பைதனில் இடுவதற்கு =, ஒப்பிடுவதற்கு ==. பாஸ்கலில் டிவ் செய்த வேலையை இங்கே // செய்கிறது. பாஸ்கல் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, பைதன் பார்க்கும்.

ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். பந்தியை முதலில் வாசிக்காமல் உதாரணத்தை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். அது விளங்கினால் பந்தியில் பாதி விளங்கிவிடும். பரீட்சை எழுதுவது தாளில் என்பதால், மாறி ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு நிரல் கீறி, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் பெறுமானம் எப்படி மாறுகிறது என்று எழுதிப் பழகுவது அவசியம். கணினி பக்கத்தில் இல்லாத நேரத்தில் இதைச் செய்யட்டும்.

கேள்வி: சி மொழிக்கு கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய பழைய புத்தகமே போதும் என்று அண்ணா தன் பிரதியைத் தந்தார். லினக்ஸில் கம்பைல் செய்தால், வரிகளை வாசித்து மிக நீளமான வரியைக் காட்டும் உதாரணம் பிழை காட்டுகிறது.
– ஜே., தெஹிவளை

பதில்: அண்ணா தந்தது நல்ல புத்தகம், ஆனால் முதன்முதலாக புரோகிராம் எழுதுபவருக்குச் சற்றுக் கடினம். அட்டையில் இரண்டாம் பதிப்பு, ஆன்சி சி (தரப்படுத்திய சி) என்று இருக்கிறதா பாருங்கள். அது 1988இல் வந்தது. 1978ஆம் ஆண்டு முதற்பதிப்பென்றால் பங்சன் எழுதும் முறையே வேறு, அதை வைத்துப் பழக வேண்டாம்.

நீங்கள் சொல்லும் உதாரணத்தில் கெட்லைன் என்று ஒரு பங்சன் இருக்கிறது. பின்னாளில் அதே பெயரில் ஒரு பங்சன் லினக்ஸின் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள்ளும் வந்துவிட்டதால் இரண்டும் மோதுகின்றன. ரீட்லைன்1 என்பது போல வேறு பெயர் வையுங்கள். அறிவிக்கும் இடம், அழைக்கும் இடம், எழுதியிருக்கும் இடம் மூன்றிலும் மாற்ற வேண்டும், ஒன்றை விட்டால் வேறு பிழை வரும். மெயினுக்கு முன்னால் இன்ட் என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். புத்தகத்தில் அது இல்லை, லினக்ஸில் சியைக் கம்பைல் செய்யும் ஜிசிசியின் முந்தைய பதிப்புகள் எச்சரித்துவிட்டு விட்டுவிடும், 2024இல் வந்த ஜிசிசி 14 அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகத் திருத்தப் பொறுமை இல்லையென்றால் ஜிசிசி கட்டளையில் ஒரு சிறுகோடு போட்டு ஆன்சி என்று சேர்த்துவிடுங்கள். பழைய விதிப்படியே கம்பைல் செய்யும்.