கேஸ் எங்கே போனது? ஏசி, ஃபிரிட்ஜ் கேள்வி பதில்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களும் கூடிவிடும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் கேஸ் லீக் பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: லீக் பார்க்க ஏசிக் குழாய்க்குள் மாலையில் 500 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) நைதரசன் ஏற்றிவிட்டுப் போனேன். காலையில் 490 காட்டுகிறது. சவர்க்கார நீர் பூசிப் பார்த்தும் குமிழ் இல்லை. லீக் எங்கே இருக்கும்? (பயிலுநர் ஒருவர், கல்முனை)

பதில்: ஏற்றியபோது வெப்பநிலை எவ்வளவு, காலையில் எவ்வளவு? இரண்டையும் எழுதாமல் அழுத்தத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். டெஸ்ட் செய்யும்போது கேஜ் (அழுத்தமானி) அளவுக்குப் பக்கத்திலேயே வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? 500இல் நிற்கும் நைதரசன், 6 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. இறங்கும். இந்த மாதங்களில் நம் பக்கம் மாலை 32, விடியற்காலை 26 என்பது வழமைதான். ஆகவே அது பெரும்பாலும் லீக் இல்லை. அன்று மாலை அதே நேரத்தில் திரும்பப் பாருங்கள். 500க்கு ஏறியிருந்தால் சரி. ஏறாவிட்டால் மூட்டு மூட்டாகத் தேடுங்கள்.

இன்னொன்று, ஒரேயடியாக 500க்குப் போகாதீர்கள். 50இல் நிறுத்திக் காதைக் கொடுங்கள், பெரிய ஓட்டை அங்கேயே சீறும். 150இல் சவர்க்கார நீர். அதன் பிறகுதான் முழு அழுத்தம். அது எவ்வளவு என்பதை யூனிட்டின் பெயர்த்தகட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆர்-32, ஆர்-410ஏ (ஏசிக்குள் சுற்றும் கேஸ் வகைகள்) யூனிட்டுக்கு ஏற்றுவதைப் பழைய ஆர்-22 மெசினுக்கு ஏற்றக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் நைதரசன் உடனே கிடைப்பதில்லை. வெல்டிங் கடை ஒட்சிசனால் பிரஷர் டெஸ்ட் செய்யலாமா? (அக்கரைப்பற்று)

பதில்: கூடாது. கொம்பிரசர் எண்ணெயும் அழுத்தமான ஒட்சிசனும் சேர்ந்தால் தீப்பொறி இல்லாமலே வெடிக்கும். இப்படிச் செய்து செத்தவர்கள் இருக்கிறார்கள். டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரும் வேண்டாம். அந்தக் காற்றில் ஈரமும் இருக்கிறது, ஒட்சிசனும் இருக்கிறது. நைதரசன் வரும்வரை வேலையை நிறுத்தி வையுங்கள். நைதரசனையும் ரெகுலேட்டர் இல்லாமல் திறக்காதீர்கள், நிறைந்த சிலிண்டருக்குள் 2,000 பி.எஸ்.ஐ.க்கு மேல் நிற்கிறது.

கேள்வி: ஏசி கூல் இல்லை. கேஸ் லீக்கா? (ஊர் எழுதவில்லை)

பதில்: ஊர் மட்டுமா, எந்த வகை ஏசி, எத்தனை வருடம், வெளி யூனிட் ஓடுகிறதா, எதுவுமே எழுதவில்லையே. முதலில் பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் இத்தனையையும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: ஒவ்வொரு சேர்விஸிலும் எங்கள் ஏசிக்குக் கேஸ் அடிக்கிறார்கள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அடிப்பது நல்லது? (காத்தான்குடி)

பதில்: ஒருமுறையும் அடிக்கத் தேவையில்லை. பெட்ரோல்போல எரிந்து தீருகிற சாமான் இல்லை இது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. பத்து வருடம் ஓடினாலும் முதல் நாள் இருந்த கேஸ்தான் உள்ளே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. அதைத் தேடாமல் மேலே மேலே அடிப்பவர் உங்களிடம் வாங்கும் காசு, அடுத்த வருடம் திரும்பி வருவதற்கான காசு.

யூனிட் ஓடாமல் நிற்கும்போது கேஜ் போட்டு, "பாருங்க, கேஸ் குறைவு" என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். 30 பாகையில் ஆர்-410ஏ நிற்கும் அழுத்தம் சுமார் 260 பி.எஸ்.ஐ. உள்ளே திரவம் கொஞ்சம் இருக்கும்வரை, கால்வாசி போயிருந்தாலும் அதே 260தான் காட்டும். ஓடும்போது உறிஞ்சும் பக்க அழுத்தம் குறைவது கேஸ் குறைந்தாலும் நடக்கும், பில்டரில் தூசி அடைத்தாலும் நடக்கும். எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதைத் தராசுதான் சொல்லும். பெயர்த்தகட்டில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். மிச்சக் கேஸை மீட்டு எடுத்து, நைதரசன் ஏற்றி, லீக்கைக் கண்டுபிடித்து அடைத்து, வக்கியூம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து), கேஸை எடை பார்த்துப் போடுவதுதான் வேலை. இதற்கு அரை நாள் பிடிக்கும். கேஸ் மட்டும் அடிக்கப் பத்து நிமிடம் போதும்.

கல்லடியில் ஒரு வீடு. நாலு வருடம் தொடர்ந்து கேஸ் அடித்திருந்தார்கள். உள் யூனிட்டுக்குப் பின்னால் குழாயை இணைக்கும் பிளேர் நட்டின் மேல் கறுப்பாக எண்ணெய் பிசுபிசுத்தது, கேஸ் வெளியேறும்போது எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தொட்டுப் பார்த்திருந்தாலே போதும். குழாயை வெட்டிப் புதிதாகப் பிளேர் போட்டு (வாயை விரித்து) இறுக்க எனக்கு அரை மணித்தியாலம்தான் ஆனது. ஆனால் அதற்குள் கொம்பிரசர் மோட்டரின் சுருள் எரிந்துவிட்டது. திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் மோட்டரைக் குளிரவைக்கிறது. அது குறைந்த நிலையில் வெயில் வெயிலாக ஓடினால் வேறென்ன ஆகும்? அந்த வீட்டம்மா சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஏசி அது. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

காற்றில் போகும் ஒரு கிலோ ஆர்-410ஏ, இரண்டு தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-22 ஓசோனையும் அரிக்கும். மொன்றியல் உடன்படிக்கைப்படி நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2030உடன் அதன் காலம் ஏறத்தாழ முடிகிறது. பழைய ஏசி வைத்திருப்பவர்கள் இப்போதே லீக்கை அடைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கேஸ் அடிக்க வருபவரிடம், "லீக் எங்கே இருந்தது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: வக்கியூம் ஒரு மணித்தியாலம் நின்றது. இனி பிரஷர் டெஸ்ட் தேவையா? (ஏறாவூர்)

பதில்: தேவை. வக்கியூமில் வெளியிலிருந்து தள்ளுவது வெறும் 15 பி.எஸ்.ஐ. ஓடும்போது உள்ளிருந்து 400க்கு மேல் தள்ளும். அதோடு, கேஜ் முள்ளைப் பார்த்து "நின்றது" என்கிறீர்களா? முள்ளுக்கு அவ்வளவு நுணுக்கம் இல்லை. வக்கியூமை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோன் மீற்றர் போட்டு 500 மைக்ரோனுக்குக் கீழே இறக்கி, பம்பை அடைத்து 15 நிமிடம் பாருங்கள். கொஞ்சம் ஏறி நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக்.

கேள்வி: எங்கள் விடுதி கடலோரம். எலக்ட்ரோனிக் டிடெக்டர் (கேஸை மோப்பம் பிடிக்கும் கருவி) எதையும் காட்டவில்லை, ஆனால் கேஸ் போகிறது. (பாசிக்குடா)

பதில்: கடற்காற்றில் வெளி யூனிட்டின் பக்கம் டிடெக்டரை நீட்டினால் அது எதைப் பிடிக்கும்? காற்று அடங்கும் அதிகாலையில், யூனிட்டைச் சுற்றிப் படங்கு கட்டி, கேஸ் தேங்கக் கொஞ்ச நேரம் விட்டு, அடிப்பக்கத்தில் தேடுங்கள். கேஸ் காற்றைவிடப் பாரமானது. நைதரசன் மட்டும் ஏற்றியிருக்கும்போது டிடெக்டர் கத்தாது, அப்போது சவர்க்கார நீர்தான். பூசிய உடனே துடைத்துவிடாதீர்கள். நுண்ணிய லீக்கில் குமிழ் வராது, சில நிமிடம் கழித்து வெள்ளையாக நுரை திரளும். பார்த்து முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். உப்பில் கொயில் (யூனிட்டின் குழாய்ச் சுருள்) பல இடத்தில் அரித்திருந்தால் ஒட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை, கொயிலை மாற்றுங்கள்.

கேள்வி: ஃப்ரீசரில் ஒட்டிய மீனைக் கத்தியால் கிளப்பும்போது "உஸ்" என்று சத்தம். இப்போது குளிர் இல்லை. (கிரான்)

பதில்: எவபரேட்டரை (கேஸ் ஓடிக் குளிரவைக்கும் பகுதியை) குத்திவிட்டீர்கள். ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று இருந்தால் அது தீப்பற்றும் கேஸ். இன்னொரு முறை இப்படி ஆனால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் முதலில் கதவு யன்னலைத் திறவுங்கள். அடைத்த பிறகு நைதரசன் டெஸ்ட் 150க்கு மேல் வேண்டாம், மெல்லிய அலுமினியம் தாங்காது. அந்த ஃபிரிட்ஜுக்கு ஆர்-134ஏ போட்டுத்தர ஒருவர் முன்வந்தால் அவரை அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஐஸ் தொழிற்சாலையில் அமோனியா வாசம் வருகிறது. இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாழைச்சேனை)

பதில்: ஈரமாக்கிய சிவப்புப் பாசிச்சாயத் தாளைக் கொண்டுபோங்கள், லீக் அருகே நீலமாகும். கந்தகக் குச்சி கொளுத்தினால் வெண்புகை கிளம்பும். மூக்கை நம்பாதீர்கள், அது பழகிவிடும். கண் எரியத் தொடங்கினால் தேடுவதை விட்டுவிட்டுக் காற்று வரும் திசைக்கு வெளியேறுங்கள். அமோனியாவுக்கான முகமூடி இல்லாமல் திரும்ப உள்ளே போகக் கூடாது, காற்றில் 300 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 300 பங்கு) அளவே உயிருக்கு ஆபத்து.

கேள்வி: மாமா வைத்துப்போன, சுவாலையின் நிறத்தால் லீக் தேடும் ஹாலைட் விளக்கு இருக்கிறது. பயன்படுத்தலாமா? (சம்மாந்துறை)

பதில்: வேண்டாம். குளோரின் உள்ள பழைய கேஸுக்குத்தான் சுவாலை பச்சையாகும். ஆர்-134ஏ, ஆர்-32இல் குளோரின் இல்லை. ஆர்-600ஏ பக்கம் கொண்டுபோனால் தீதான்.

கேள்வி: காரில் வெளியே எங்கும் லீக் இல்லை, கேஸ் மட்டும் குறைகிறது. (பொத்துவில்)

பதில்: எவபரேட்டராக இருக்கலாம். ஏசியைக் கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்தி, பதினைந்து நிமிடம் விடுங்கள். ஃபேனும் ஓடக் கூடாது. பிறகு காரின் அடியில் தண்ணீர் வடியும் குழாய் வாயில் டிடெக்டரைப் பிடியுங்கள். தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.