ஹைட்ரஜன் காருக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: எலெக்ட்ரிக் கார் வாங்கலாம் என்று இருந்தேன். "கொஞ்சம் பொறுங்க மாமா, ஹைட்ரஜன் கார் வரப்போகுது, அஞ்சு நிமிஷத்துல நிரப்பிக்கலாம், புகையே கிடையாது" என்கிறார் என் மச்சான். காத்திருக்கலாமா சார்? — வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். மச்சான் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் பாதிக் கதைதான். டொயோட்டாவின் மிராய் என்ற ஹைட்ரஜன் காரில் 5.6 கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும், அதைக் காருக்குள்ளேயே மின்சாரமாக்கி 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், பின்னால் சொட்டுவது தண்ணீர்தான். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல். ஆனால் அவ்வளவு லேசான வாயுவை ஒரு காருக்குள் அடைக்க 700 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல சுமார் 700 மடங்கு அழுத்தம் வேண்டும், சி.என்.ஜி. வண்டிக்கு 200 போதும். உங்கள் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸுக்கு இரும்பின் எடை 15, 16 கிலோ. மிராயில் அந்த 5.6 கிலோவைத் தாங்குகிற டேங்குகள் மட்டும் சுமார் 90 கிலோ.

அதைவிடப் பெரிய சிக்கல் மின்சாரம். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும், அப்புறம் அதை அழுத்த, ஏற்றிக்கொண்டு வர, காருக்குள் மறுபடி மின்சாரமாக்க என்று ஒவ்வொரு படியிலும் இழந்துகொண்டே வந்தால், 100 யூனிட் போட்ட இடத்தில் சக்கரத்துக்கு 30, 35 யூனிட்தான் போய்ச் சேரும். பேட்டரி காரில் 70-க்கு மேல் சேரும். இன்று உலகத்தில் தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது, அப்படி எரிவாயுவிலிருந்து எடுத்தால் கிலோவுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஆலையிலேயே வெளியேறிவிடும். புகை இல்லாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் மிராய் வாங்கியவர்கள் பாவம். கிலோ 36 டாலர் வரை விலை ஏறியது, 2024-ல் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்கான தன் பங்க்குகளை மூடிவிட்டது. அந்த அஞ்சு நிமிஷக் கணக்கும் எப்போதும் நடப்பதில்லை. நிரப்பும்போது டேங்க் சூடாகும் என்பதால் வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து விடுகிறார்கள். வரிசையாக நாலைந்து வண்டி நிரப்பினால் நாஸிலில் பனி கட்டி காரோடு ஒட்டிக்கொள்ளும், உருகும்வரை நிற்க வேண்டியதுதான். 2022-ல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மிராயில் நாடாளுமன்றத்துக்கு வந்தார், சரி, ஈரோட்டில் நீங்கள் எங்கே போய் நிரப்புவீர்கள்?

கேள்வி: தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து பைக்கில் மைலேஜ் கூட்டும் கிட் விற்கிறார்களே, வாங்கலாமா? — வாசகி, திண்டுக்கல்

பதில்: வாங்காதீர்கள். தண்ணீரைப் பிரிக்க பைக் பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்சாரம் உங்கள் பெட்ரோலை எரித்து வந்ததுதான், திரும்பக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

கேள்வி: ஹைட்ரஜன் வண்டி வெடிக்காதா? — வாசகர், நாகர்கோவில்

பதில்: காற்றைவிட 14 மடங்கு லேசு என்பதால் திறந்த வெளியில் கசிந்தால் மேலே பறந்து கலைந்துவிடும், பெட்ரோல் மாதிரி தரையில் தேங்காது. ஆனால் பற்ற மிகச் சிறிய பொறி போதும், சுடரும் பகலில் கண்ணுக்குத் தெரியாது. 2019 ஜூனில் நார்வேயில் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. டேங்க் மூடியின் போல்ட்டைச் சரியாக முடுக்காததுதான் காரணம். வெடிப்பின் அதிர்வில், அருகே போன காரின் ஏர்பேக் திறந்து உள்ளே இருந்தவர்களுக்குக் காயம். வாயுவைக் குறை சொல்வதைவிட, அதைக் கையாளுகிறவர்களின் பயிற்சியைக் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இல் ஹைட்ரஜன் ரயில் எதற்கு? — வாசகர், சென்னை

பதில்: ரயிலில் டேங்க் வைக்க இடமுண்டு, தினமும் ஒரே இடத்தில் நிரப்பலாம், அதனால் காரைவிடப் பொருத்தம். 2025-ல் ஐ.சி.எஃப்.-இல் சோதித்த அந்த ரயில் ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் பாதைக்கானது. மின்கம்பி போட முடிகிற சமவெளியில் மின்ரயிலே மலிவு, கம்பி இல்லாத கல்கா–சிம்லா மாதிரி மலைப்பாதையில் இதற்கு உண்மையான வேலை இருக்கிறது. ஆனால் ரயிலுக்கும் முன்னால் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: உரத் தொழிற்சாலைகளும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன, அது பெரும்பாலும் எரிவாயுவிலிருந்து வருவது. சூரிய மின்சாரத்தில் எடுக்கிற முதல் டன் அங்கேதான் போக வேண்டும் என்பேன். அங்கே ஹைட்ரஜனுக்கு மாற்றே கிடையாது.