ஈக்வாலிட்டியும் ஈக்விட்டியும்

கேள்வி: ஈக்வாலிட்டி, ஈக்விட்டி இரண்டும் ஒன்றுதானா? பங்குச் சந்தையிலும் ஈக்விட்டி என்கிறார்களே, குழப்பமாக இருக்கிறது.

பதில்: ஒன்றல்ல. எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தால் ஈக்வாலிட்டி, அவரவர் நிலை பார்த்துக் கொடுத்தால் ஈக்விட்டி. பரீட்சையில் எல்லோருக்கும் 3 மணி நேரம் என்பது முதல் வகை. பார்வையில்லாத மாணவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதும்போது, மணிக்கு 20 நிமிடம் வீதம் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துத் தருகிறார்களே, அது இரண்டாவது. அதைச் சலுகை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும், அது சலுகையல்ல, நியாயம். பங்குச் சந்தையில் சொல்வது வேறு: ஒரு கம்பெனியின் சொத்தில் கடனெல்லாம் போக உரிமையாளர்களுக்கு மிஞ்சும் பங்கு.

சரி, இவற்றுக்கெல்லாம் வேர், சமம் என்று பொருள்படும் ஈக்வஸ் என்ற லத்தீன் சொல். லிப்ரா என்றால் தராசு, அதனால் சமநிலைக்கு ஈக்விலிப்ரியம். நாக்ஸ் என்றால் இரவு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாள் ஈக்வினாக்ஸ் (நுணுக்கமாகப் பார்த்தால் அன்றும் பகல்தான் சில நிமிடம் நீளம்). அப்புறம் ஈக்விவோக்கல், இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற மாதிரி பிடிகொடுக்காமல் பேசுவது. இதைப் பாராட்டாக யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.